இலையில் மீந்தது: எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஒரு பெண்ணின் 25 மாதங்கள்

அவர் என் அறைக்கு வந்தது ஒரு திங்கட்கிழமை காலை. முந்தைய நாள் சித்தப்பா மகளின் கல்யாணம். பந்தியில் உட்கார்ந்தவருக்குப் பாதி இட்லியும் ஒரு வாய் கேசரியும் இறங்கியதுமே வயிறு நிறைந்துவிட்டது. பரிமாறியது அத்தனையும் இலையில் அப்படியே கிடந்தது. பக்கத்து இலைக்காரரான பெரியம்மா, வரிசை முழுக்கக் கேட்கும்படி, "ஏம்மிணி, இப்படி எலும்பாப் போயிட்டே? சக்கரை முத்திப்போச்சா, இல்ல வேற ஏதாச்சுமா?" என்று கேட்டார். அந்த 'வேற ஏதாச்சும்' எதைக் குறிக்கிறது என்பது அங்கே உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும். அவர் இலையை மூடிவிட்டு எழுந்து, மண்டபத்துப் பின்புறம் பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்று அழுதிருக்கிறார்.

"118 கிலோ இருந்தப்பக்கூட நான் ஒரு பந்தியிலயும் அழுததில்லீங்க மேடம்," என்றார்.

எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்யும் ஒரு மருத்துவக் குழுவில் நான் மனநல ஆலோசகர். அவருடைய சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எங்கள் பக்கம் நடந்த தவறுகளை மட்டும் மாற்றவில்லை.

பின்னணி

வயது 41. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறார். கணவர் டூவீலர் பட்டறை வைத்திருக்கிறார். பத்தாவது படிக்கும் ஒரு மகன். உயரம் 156 செ.மீ., எடை 118 கிலோ, உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ 48. ஆறு வருடமாகச் சர்க்கரை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறு. மாடிப்படி ஏற முடியாத முழங்கால் வலி. இந்தியர்களுக்குப் பிஎம்ஐ 37.5ஐத் தாண்டினாலே, அல்லது 32.5க்கு மேல் இருந்து சர்க்கரை போன்ற நோயும் சேர்ந்திருந்தாலே, இந்த அறுவையைப் பரிசீலிக்கலாம் என்பது இங்குள்ள மருத்துவர்கள் பின்பற்றி வந்த கணக்கு. அந்தக் கணக்கின்படி அவருக்கு இது தேவைதான். அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை.

செய்தது ஸ்லீவ். இரைப்பையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை நீளவாக்கில் வெட்டி எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது ஒரு வாழைப்பழம் போன்ற குழாய். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது இரைப்பையின் மேல்பகுதியில். வெட்டியெடுக்கும் துண்டோடு அதுவும் போய்விடுவதால் பல மாதங்களுக்குப் பசியே தெரியாது. அவருக்கும் அப்படித்தான். ஐந்தாவது வாரத்தில் சர்க்கரை மாத்திரையை நிறுத்தினோம். ஆறாவது மாதம் மூச்சு மெஷினைத் திருப்பிக் கொடுத்தார். 14ஆவது மாதம் எடை 74 கிலோ. அவருடைய ஃபைலைத் திறந்தால் 'நல்ல முன்னேற்றம்' என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கும். அதில் ஒன்று என் கையெழுத்து.

அந்த ஃபைலில் இல்லாத ஒன்று உண்டு. இந்த அறுவை நடந்தது கணவருக்கும் தங்கைக்கும் தவிர யாருக்கும் தெரியாது. சொந்தக்காரர்களிடம் 'கர்ப்பப்பையில் கட்டி, ஆபரேஷன்' என்று சொல்லியிருந்தார்கள். மாமியாரிடமும் அதையேதான். உண்மையைச் சொன்னால் 'வாயைக் கட்ட முடியாதவள் காசைக் கொடுத்து வயிற்றை வெட்டிக்கொண்டாள்' என்று பேசுவார்கள் என்ற பயம். அந்தப் பயத்தில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதே வார்த்தைகளை வேறு குடும்பங்களில் நான் கேட்டிருக்கிறேன். ஆனால் கட்டி என்று சொன்ன பிறகு ஆள் மாதாமாதம் இளைத்துக்கொண்டே போனால், தலைமுடியும் கொத்துக் கொத்தாய்க் கொட்டினால், ஊர் எதை நினைக்கும்? பெரியம்மாவின் கேள்விக்கு விதை அங்கேதான் விழுந்தது. நம் ஊரில் எடை குறைந்தவரைப் பார்த்து யாரும் உடனே வாழ்த்துச் சொல்வதில்லை. முதலில் வருவது துக்க விசாரிப்பு.

வந்தபோது இருந்த நிலை

மனச்சோர்வை அளக்க நாங்கள் பயன்படுத்தும் பிஹெச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவத்தில் 27க்கு 17 வந்தது. ஓரளவு கடுமையான மனச்சோர்வு என்று பொருள். ஒன்பதாவது கேள்வி சாவு பற்றியது. 'சில நாட்கள்' என்று குறித்திருந்தார். இந்த இடத்தில் சுற்றி வளைக்கக்கூடாது, நேராகக் கேட்டேன். "செத்துப்போகோணும்னு இல்லீங்க. காலையில எந்திரிக்காமயே போயிட்டா நல்லாருக்குமேன்னு தோணுதுங்க," என்றார். திட்டம் எதுவும் இல்லை. அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனேன். கணவரை வரச்சொல்லி, வீட்டில் கிடந்த தூக்க மாத்திரைகளை அவர் பொறுப்பில் வைக்கச் சொன்னேன். இரவில் எனக்குப் போன் கிடைக்காவிட்டால் கூப்பிட, அரசின் டெலி மனஸ் எண் 14416ஐ அவர் கண்முன்னே இருவர் போனிலும் பதிந்து கொடுத்தேன். இந்த எண்ணைப் படிக்கிறவர்களும் வைத்துக்கொள்ளுங்கள், தமிழிலேயே பேசுவார்கள்.

அடுத்து ரத்தம் எடுத்தோம். பி12 குறைவு, இரும்புச்சத்து குறைவு, வைட்டமின் டி தரைமட்டம். விசாரித்தால் ஐந்து மாதமாகச் சத்து மாத்திரைகளை நிறுத்தியிருக்கிறார். இரும்பு மாத்திரை மலச்சிக்கல் தந்தது, 'எடைதான் குறைஞ்சிருச்சே' என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது. மனநலம் பார்க்கிற நாங்கள் இதை அடிக்கடி மறக்கிறோம். பி12 இறங்கினால் சோர்வு, மறதி, எரிச்சல், அழுகை எல்லாம் வரும். அது குறைந்திருக்கையில் மணிக்கணக்கில் ஆறுதல் சொல்லிப் பயனில்லை. மனச்சோர்வு மாத்திரைகளும், முக்கியமாகப் பைபாஸ் (இரைப்பையைச் சிறு பையாக்கி, குடலின் ஒரு பகுதியைத் தாண்டி இணைக்கும் இன்னொரு வகை எடைக்குறைப்பு அறுவை) செய்தவர்களுக்கு, முன்பு ரத்தத்தில் சேர்ந்த அளவுக்குச் சேராமல் போகலாம். பழைய அளவிலேயே எழுதிக் கொடுத்துவிட்டு 'மருந்து வேலை செய்யவில்லை' என்று முடிவுகட்டுவது தவறு.

பேச ஆரம்பித்த பிறகு மற்றவை ஒவ்வொன்றாக வந்தன. தினமும் துணியோடு புழங்குகிறவர், தொட்டே சைஸ் சொல்லிவிடுவார். செகண்ட்ஸ் குவியலிலிருந்து தனக்கென்று டி-ஷர்ட் பொறுக்கும்போது மட்டும் கை தன்னால் டபுள் எக்ஸ்எல்லுக்குப் போகிறது. பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டு காலியாக இருந்தால்தான் உட்காருகிறார். அடிவயிற்றில் தோல் மடிந்து தொங்கி, சித்திரை வெயிலில் மடிப்புக்குள் புண். ஆபீஸில் மூன்று வருடமாக முகம் பார்த்துப் பேசாத சூப்பர்வைசர், "இப்பத்தான் மேடம் பார்க்க லட்சணமா இருக்கீங்க," என்றிருக்கிறார். "அப்ப முன்னால இருந்தவ ஆருங்க? அவளுக்கு ஒரு டீ வாங்கிக் குடுக்கக்கூட ஆளில்லையே," என்று என்னிடம் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. எடை குறைந்த பல பெண்கள் இதையே வெவ்வேறு வார்த்தைகளில் கேட்டிருக்கிறார்கள். பழைய உடம்போடு வாழ்ந்தவளை ஊர் எப்படி நடத்தியது என்பது, புது உடம்புக்குக் கிடைக்கும் மரியாதையை வைத்துத்தான் முழுதாய் விளங்குகிறது. அந்த வலி பின்னால் வந்து சேருகிறது.

இரண்டாம் வருடம்

இது இவர் ஒருவருடைய கதை என்றால் எழுதவே உட்கார்ந்திருக்க மாட்டேன்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பைபாஸ் செய்துகொண்ட 7,925 பேரையும், அதே பருமனோடு அறுவை செய்துகொள்ளாத 7,925 பேரையும் சராசரி ஏழு ஆண்டுகள் ஒப்பிட்ட ஆய்வு 2007இல் வந்தது. மொத்த மரணம் 40 சதவீதம் குறைவு, சர்க்கரையால் வரும் மரணம் 92 சதவீதம் குறைவு. இந்த அறுவை உயிரைக் காக்கிறது என்பதற்கு இதைவிட அழுத்தமான சான்று வேண்டாம். அதே ஆய்வின் இன்னொரு வரி: விபத்து, தற்கொலை போன்ற, நோயால் அல்லாத மரணங்கள் 58 சதவீதம் கூடுதல். 2016இல் கனடாவின் ஒன்டாரியோவிலிருந்து வந்த ஆய்வு 8,815 பேரை அறுவைக்கு முன் மூன்று ஆண்டு, பின் மூன்று ஆண்டு என்று பார்த்தது. தனக்குத் தானே தீங்கு செய்துகொண்டு அவசரப் பிரிவுக்கு வருவது ஆண்டுக்கு ஆயிரத்தில் 2.33ஆக இருந்தது, 3.63ஆக ஏறியது. சிறிய எண்தான். ஆனால் அப்படி வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் முன்பே மனநலச் சிக்கல் பதிவாகியிருந்தவர்கள். சம்பவங்களில் பெரும்பகுதி நடந்தது இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில்.

ஸ்வீடனில் பத்தாண்டுகள் தொடர்ந்த ஆய்விலும் இதே வளைவு தெரிகிறது. வாழ்க்கைத்தரம் முதல் ஆண்டில் உச்சிக்குப் போய், பிறகு ஆறாம் ஆண்டு வரை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, அப்புறம் ஓரிடத்தில் நிற்கிறது.

இப்போது எங்கள் அட்டவணையைப் பாருங்கள். அறுவைக்குப் பின் 1, 3, 6, 12 மாதங்களில் வரவேண்டும், அதன் பிறகு வருடத்துக்கு ஒருமுறை. எடை வேகமாக இறங்கி, பார்க்கிறவர்கள் எல்லாம் வியந்து, நோயாளி தானே சந்தோஷமாக இருக்கும் காலத்தில் நாங்கள் நான்கு தடவை கூப்பிடுகிறோம். எடை நின்று, பசி திரும்பி, தோல் தொங்கி, பாராட்டு ஓய்ந்து, ஆள் தனியாக நிற்கும் காலத்தில் கதவைச் சாத்திவிடுகிறோம். அவர் 14ஆவது மாதம் என் கண்ணில் பட்டது தற்செயல்.

நாங்கள் செய்த தவறு

எங்களிடம் ஆதரவுக் குழு இல்லாமல் இல்லை. மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை ஓபி முடிந்ததும் கேன்டீனுக்கு மேல் உள்ள ஹாலில் கூடுவோம். பதினைந்து இருபது பேர் வருவார்கள். ஆனால் அதை நாங்கள் வெற்றி விழாவாக நடத்திக்கொண்டிருந்தோம். முன்னே எடுத்த போட்டோ, பின்னே எடுத்த போட்டோ. யார் எத்தனை கிலோ குறைத்தார் என்று சொன்னதும் கைதட்டல். அதிகம் குறைத்தவருக்கு ஒரு டிபன் பாக்ஸ் பரிசு. மூன்றாவது மாதம் இவரும் வந்து கைதட்டல் வாங்கியிருக்கிறார். எட்டாவது மாதம் இறக்கம் மெதுவானது. "ஒரு கிலோதான் குறைஞ்சுதுன்னு மைக்கப் புடிச்சுச் சொல்றதுக்கு வெக்கமா இருந்துச்சுங்க," என்றார். அன்றிலிருந்து வரவில்லை. வராதவர்கள் நன்றாக இருப்பதால்தான் வரவில்லை என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

குழுவுக்கு வருகிறவர்களுக்கு எடை கூடுதலாகக் குறைகிறது என்று 2011இல் வந்த ஒரு ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. அதை நாங்களும் பெருமையாக மேற்கோள் காட்டியிருக்கிறோம். எடை குறைகிறவர்தான் தெம்பாகக் குழுவுக்கு வருவார் என்ற மறுபக்கத்தை இவர்தான் எனக்குக் காட்டினார். கூட்டம் யாருக்கு மிகவும் தேவையோ அவரை வாசலிலேயே வடிகட்டி அனுப்பிக்கொண்டிருந்தோம்.

அதன் பிறகு மாற்றினோம். கிலோக் கணக்கு பேசுவதில்லை. போட்டோ இல்லை, பரிசு இல்லை. மருத்துவர் வந்தால் கடைசிப் பத்து நிமிடம் கேள்விக்குப் பதில் சொல்வார், அவ்வளவுதான். இரண்டு வருடம் கடந்தவர்களில் விருப்பமும் நிதானமும் உள்ள ஐந்து பேரைத் தேர்ந்து, கேட்பது எப்படி, எதைச் சொல்லக்கூடாது, எப்போது உடனே எனக்கு அழைக்கவேண்டும் என்று ஆறு அமர்வுகள் பயிற்சி கொடுத்தேன். அவர்களில் ஒருவர்தான் அக்கா.

அக்கா

பொள்ளாச்சிப் பக்கம். சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவர். பைபாஸ் செய்து ஏழு வருடம் ஆகியிருந்தது. சிகிச்சை தொடங்கி ஆறாவது வாரம், பிஹெச்க்யூ 12க்கு இறங்கி, ஒன்பதாவது கேள்விக்கு 'இல்லை' என்று வந்தபிறகு, இருவரையும் என் அறையில் சந்திக்க வைத்தேன். ஆபத்தான கட்டத்தில் ஒருவரைச் சக நோயாளியின் தலையில் கட்டுவது இருவருக்கும் செய்யும் அநியாயம் என்பதால் அதுவரை காத்திருந்தேன்.

அக்கா 'தைரியமா இரு' என்று ஆரம்பிப்பார் என எதிர்பார்த்தேன். அவர் கேட்டது:

"மாத்திர எடுத்துக்கறயா அம்மிணி?"

"இப்பத்தானுங்க்கா மறுபடி எடுக்கறேன்."

"நானும் ரெண்டாவது வருசம் நிறுத்திப்போட்டேன். காலு மரத்துப்போயி, செருப்புக் கழண்டு போனதே தெரியாம நடந்தபொறவுதான் புத்தி வந்துச்சு. சரி, ராத்திரி என்ன திங்கறே?"

இதே கேள்வியை நான் மூன்று அமர்வுகளில் கேட்டிருந்தேன். 'ஒண்ணுமில்லீங்க, ஒரு டம்ளர் பால்' என்பதுதான் பதில். இப்போது அவர் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா அவசரப்படவில்லை.

"நான் பாத்ரூம்ல உக்காந்து முறுக்குத் திம்பேன் கண்ணு. கடிச்சா வெளிய சத்தம் கேக்குமின்னு, வாயில ஊற வெச்சுத் திம்பேன்."

அவர் முதலில் சிரித்தார். பிறகு அழுதார். "எனக்கு மிச்சருங்க்கா," என்றார்.

படிப்போடும் படிவங்களோடும் நான் மூன்று அமர்வுகளில் எட்டாத இடத்துக்கு, ஒரு முறுக்கு எட்டிவிட்டது. இதில் எனக்கு வருத்தமில்லை. வெட்கத்தைச் சொல்லிக்கொள்ள, அதே வெட்கத்தைப் பட்டவர் எதிரே இருக்கவேண்டும். என் இடம் வேறு.

அந்த மிச்சர் பற்றி ஒன்று சொல்லவேண்டும். ஸ்லீவ் செய்தவருக்கு ஒரு தோசையோ கறித்துண்டோ கனமாக நிற்கும். மிச்சர், முறுக்கு, சிப்ஸ், பிஸ்கட் எல்லாம் மென்றதும் கூழாகி வழுக்கிக்கொண்டு போய்விடும். வயிறு நிறைந்த உணர்வே வராது. எனவே மனசு கனக்கும் இரவில் கை அதைத்தான் தேடும். இது வைராக்கியம் இல்லாததால் வருவது என்று நோயாளி தன்னைத் திட்டிக்கொள்கிறார். குழாயாகிப்போன இரைப்பையின் வேலைமுறை அப்படி என்று விளக்கினாலே பாதிக் குற்றவுணர்வு இறங்கிவிடுகிறது. சாப்பாட்டால் மனசை ஆற்றிக்கொள்ளும் பழக்கத்தை எந்த அறுவையும் வெட்டி எடுப்பதில்லை. அதற்கு மாற்று தேடிக்கொடுக்கும் வேலை மிச்சமிருக்கிறது.

முடி கொட்டியதற்கு ஆறுதல் கிடைத்தது குழுவில். அறுவையான மூன்றாவது மாதத்திலிருந்து ஆறாவது மாதம்வரை கொட்டும், புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் திரும்ப முளைக்கும் என்று நான் சொல்லியிருந்தேன். அவர் நம்பவில்லை. சனிக்கிழமைக் கூட்டத்தில் எட்டுப் பெண்கள் தங்கள் நெற்றி ஓரத்துச் சின்ன முடிகளைத் தொட்டுக் காட்டியபோது நம்பினார்.

பொய்யை என்ன செய்வது என்பதில் அக்காவின் யோசனை என்னுடையதைவிடத் தெளிவாக இருந்தது. "ஊரு பூராஞ் சொல்ல வேண்டாம். ஒருத்தருக்குச் சொல்லு. அந்தப் பெரியம்மாகிட்டயே போய்ச் சொல்லு. மீதிய அவங்க சொல்லிக்குவாங்க." இரண்டு வாரம் தயங்கி, பிறகு போய்ச் சொன்னார். பெரியம்மா முதலில் வைதார். "காசக் குடுத்து வயித்த வெட்டிக்குவாங்களா?" பத்து நாள் கழித்து முளைகட்டிய பச்சைப்பயறு ஒரு தூக்குப் போசி நிறைய வந்தது. அடுத்த விசேஷத்தில், "அவளுக்குக் கொஞ்சமா வையுங்கப்பா, அவ்வளவுதான் ஆகும்," என்று பரிமாறுகிறவர்களிடம் அவரே சொல்லியிருக்கிறார். மாமியார் வீட்டுப் பக்கம் இத்தனை நல்லபடியாகப் போகவில்லை. ஏமாற்றிவிட்டதாகக் கோபம். ஒரு நாத்தனார் இன்னும் பேசுவதில்லை.

கணவர்

அவரை இரண்டு முறைதான் தனியாகச் சந்தித்தேன். முதல் தடவை கோபமாக வந்தார். மனைவி புதுச் சுடிதார் வாங்குவது, போனில் அதிகம் பேசுவது எல்லாம் பட்டியலாக வந்தது. இரண்டாம் தடவை வேறொன்று சொன்னார்.

"கல்யாணமானதுலருந்து ராத்திரி பட்டறையச் சாத்திப்போட்டு ரெண்டு பேரும் புரோட்டா திங்கப் போவோமுங்க. வாரத்துல மூணு நாள். அப்பத்தான் பேசறதே. இப்ப நான் மட்டும் தின்னா ஏதோ குத்தம் பண்றாப்பல இருக்குதுங்க. அவ எதிர்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கறா."

அந்தப் புரோட்டா கடையில்தான் அவர்களின் தாம்பத்தியம் இருந்திருக்கிறது. அறுவைக்கு முன் நாங்கள் எடுத்த எந்த விவரக் குறிப்பிலும் அது இல்லை. ஸ்வீடன் தரவுகளை வைத்து 2018இல் வெளிவந்த ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்களிடையே பிரிவும் விவாகரத்தும் கூடியிருந்தது. தனியாக இருந்தவர்கள் புதிதாகத் துணை தேடிக்கொள்வதும் கூடியிருந்தது. உடம்பு மாறினால் வீட்டுக்குள் இருக்கிற ஒப்பந்தங்களும் ஆட்டம் காண்கின்றன. இவர்களுக்கு நான் சொன்னது ஒன்றுதான்: சாப்பாடு போனாலும் ராத்திரி வண்டியில் போவதை நிறுத்தாதீர்கள். இப்போது இளநீர்க் கடை, சில நாள் அவிநாசி ரோட்டில் சும்மா ஒரு சுற்று. பழைய மாதிரி இல்லை என்று இருவருமே சொல்கிறார்கள்.

சக நோயாளியால் ஆகாதது

இந்தப் பகுதியை எழுதாமல் விட்டால் இதைப் படிப்பவர்களுக்குக் கெடுதல் செய்தவளாவேன்.

குழுவின் வாட்ஸ்அப்பில் ஓர் இரவு, அறுவையாகி மூன்று வாரமான 24 வயதுப் பையன், 'நாலு நாளா எது குடிச்சாலும் வாந்தி, தலை சுத்துது' என்று போட்டான். ஏழு பேர் பதில் போட்டார்கள். எல்லாமே அன்பான பதில்கள். 'எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு தம்பி, சரியாப் போயிரும்.' காலையில் எங்கள் டயட்டீஷியன் பார்த்துவிட்டு ஓடினார். நாள்கணக்கில் வாந்தி எடுத்தால் உடம்பில் பி1 வைட்டமின் தீர்ந்துபோகும். பார்வை இரட்டையாகி, நடை தள்ளாடி, பேச்சு குழறும். பித்துப் பிடித்ததுபோலக்கூடத் தெரியும். தாமதித்தால் மூளைக்கு நிரந்தரப் பாதிப்பு. அவனுக்கு அன்று ஊசியில் பி1 கொடுத்து மீட்டார்கள். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் பி1 கொடுக்கவேண்டும் என்பது இங்கே மிக முக்கியம். 'எனக்கும் அப்படித்தான்' என்பது துயரத்துக்கு மருந்து, வாந்திக்கு விஷம். இப்போது உடம்புக் குறிகள் எதுவானாலும் 'ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணுங்க' என்பதைத் தவிர வேறு பதில் போடக்கூடாது என்று குழுவில் விதி.

இன்னொன்று குடி. இந்த அறுவைக்குப் பின் மது மிக வேகமாக ரத்தத்தில் ஏறும். முன்பு குவார்ட்டர் குடித்துவிட்டு நிதானமாக இருந்தவர் இரண்டு மடக்கிலேயே தள்ளாடுவார், ஆசையும் வேகமாகப் பிடித்துக்கொள்ளும். சுமார் 2,000 பேரைத் தொடர்ந்த ஓர் அமெரிக்க ஆய்வில், குடிப் பிரச்சினை அறுவைக்கு முன்பு 7.6 சதவீதமாக இருந்தது, இரண்டாம் ஆண்டில் 9.6 சதவீதமாக ஆனது. மறுபடியும் இரண்டாம் ஆண்டு. எங்கள் குழுவில் ஒரு சகோதரர் எட்டு மாதம் இதை மறைத்தார். அவரைக் குழு காப்பாற்றவில்லை. குடிமீட்பு சிகிச்சைதான் காப்பாற்றியது. சிகிச்சைக்குப் போக வைத்தது குழு.

குழுவுக்குள் சத்துப் பவுடர் விற்க வந்தவர்களை வெளியேற்றினோம். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

25ஆவது மாதம்

எடை 77. மூன்று கிலோ ஏறியிருக்கிறது. பிஹெச்க்யூ 6. மாத்திரைகளை மறக்காமல் எடுக்கிறார், பி12 சரியாகிவிட்டது. மிச்சர் முழுதாய் நிற்கவில்லை. ஆனால் பாத்ரூமில் இல்லை, ஹாலில் உட்கார்ந்து ஒரு கிண்ணத்தில் போட்டுச் சாப்பிடுகிறார். எக்ஸ்எல் போட்டுப் பார்த்து, எல் வாங்குகிறார். மனச்சோர்வு மாத்திரையை எப்போது குறைப்பது என்று மனநல மருத்துவரோடு பேசிக்கொண்டிருக்கிறோம்.

அவரும் ஒருவருக்குத் துணையாக இருக்க விரும்பி, புதிதாக அறுவை செய்த பெண்ணோடு இரண்டு மாதம் பேசினார். அந்தப் பெண்ணின் அழுகை தன் வீட்டுக்கும் வந்துவிடுகிறது என்று நிறுத்திக்கொண்டார். நல்ல முடிவு. நன்றாகிவிட்ட எல்லோரும் அடுத்தவரைச் சுமந்தாகவேண்டும் என்ற எதிர்பார்ப்பை நாங்களும் கைவிட்டோம்.

இதை நாங்கள் கற்றுக்கொண்டது அக்காவிடமிருந்து, காலம் தாழ்த்தி. மூன்று கூட்டங்களுக்கு அக்கா வரவில்லை. ஊருக்குப் போயிருப்பார் என்று விட்டுவிட்டோம். எட்டாவது மாதம் வராமல் போனவரை விட்டதுபோலவே. கவனித்தவர் இவர்தான். போன் செய்து பார்த்ததில், அக்காவின் வீட்டுக்காரர் இறந்து எழுபது நாள் ஆகியிருந்தது. ஐந்து பேருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தவர் எங்களில் ஒருவரிடமும் சொல்லவில்லை. இப்போது துணை நிற்பவர்களுக்கென்று மாதம் ஒரு அமர்வு தனியாக நடக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டாய ஓய்வு. முன்பே செய்திருக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் பொள்ளாச்சிக்குப் போனோம். அக்கா வீங்கிய முகத்தோடு வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ஒன்பது கிலோ ஏறியிருந்தது. டீயும் வர்க்கியும்தான் மூன்று வேளையும் என்றார். நான் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, அவர் அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாத்திர எடுத்துக்கறீங்களாக்கா?"

அக்கா ஃப்ரிட்ஜ் மேலே கையைக் காட்டினார். பிரிக்காத அட்டைகள் நான்கு. அவர் எழுந்து உள்ளே போய், ஒரு சொம்புத் தண்ணீரோடு திரும்பி வந்தார்.